ஆன்-கால் ஃபயர்மேன் வேலை: மூணு வருசம் பாத்தவனோட ரிவ்யூ

மொதல்லயே மார்க்க சொல்லிடறேனுங்க, அஞ்சுக்கு மூணரை. மிச்ச ஒன்றரைய எங்க புடிச்சேன்னு போகப் போக தெரியும், பொறுமை இல்லாதவங்க தாடி மேட்டர மட்டும் படிச்சுட்டு கெளம்பிக்கலாம்.

நான் காங்கேயம் பக்கம். ஊட்டுக்காரி நர்ஸு, அவளுக்கு இங்கிலாந்துல வேலை கெடச்சப்ப நானும் டிபெண்டென்ட் விசாவுல பொட்டிய தூக்கிட்டு பின்னாடியே போனவன். போன ஊரு லண்டன் கிண்டன் எல்லாம் இல்ல, நம்ம வெள்ளகோவில விட சின்னது, ஒரு மெயின் ரோடு, ரெண்டு சூப்பர் மார்க்கெட்டு, சுத்தியும் மாடு மேயற காடு, அவ்வளவுதான். அங்க ஒரு குடோன்ல சரக்கு அடுக்கற வேலை எனக்கு. தெனமும் போற வழியில ஃபயர் ஸ்டேஷன் ஒண்ணு, ஒரு நாளும் உள்ள ஆளு நடமாட்டமே இருக்காது, ஆனா வாசல்ல பெருசா ஒரு பேனர் மட்டும் தொங்கும், ஆள் தேவைன்னு. நம்ம ஊர்ல டீ மாஸ்டர் வேணும்னு பேக்கரிலதான் அப்படி போர்டு தொங்கி பாத்திருக்கேன், ஃபயர் சர்வீசுக்கு பேனர் கட்டி ஆள் கூப்பிடறத அங்கதான் பாத்தேன். சும்மா எட்டிப் பாப்போம்னு போனவன் மூணு வருசம் மாட்டிக்கிட்டேன்.

ஆன்-கால்னா என்னன்னா, ஸ்டேஷன்ல ஒருத்தரும் உக்காந்திருக்க மாட்டாங்க. வண்டி உள்ள பூட்டி நிக்கும். பிளம்பர், கறிக்கடைக்காரர், ஸ்கூல் வாத்தியார், பண்ணைக்காரர்னு அவங்கவங்க சோலிய பாத்துட்டு இருப்பாங்க, இடுப்புல அலர்ட்டர்னு ஒரு சின்ன டப்பா, அந்தக் காலத்து பேஜர் மாதிரி. அது கத்துச்சுன்னா கையில இருக்கறத அப்படியே போட்டுட்டு ஸ்டேஷனுக்கு ஓடோணும், டிரெஸ்ஸ மாட்டோணும், வண்டி கெளம்போணும். பழைய பேரு ரீடெய்ன்ட்னு சொல்லுவாங்க, பெருசுங்க இன்னும் அப்படித்தான் சொல்லுது. இங்கிலாந்துல தீயணைப்பு ஆளுங்கள்ல மூணுல ஒரு பங்கு சுமாரா இந்த மாதிரி ஆளுங்கதான், சின்ன ஊரு கிராமம் எல்லாம் இவங்கள நம்பித்தான் ஓடுது.

சேர்றதுக்கு என்னென்ன வேணும்னு எல்லாரும் கேக்கறீங்க. 18 வயசு ஆகியிருக்கோணும். அங்க வேலை பாக்கற உரிமை விசாவுல இருக்கோணும். ஒசரம் கேக்க மாட்டாங்க, இது எனக்கு நெம்ப ஆச்சரியம், ஏன்னா நம்ம ஊர்ல சீருடைப் பணியாளர் தேர்வாணையம் மூலமா ஃபயர்மேனுக்கு போனா பொதுவா 170 சென்டிமீட்டர் வேணும், எங்க பெரியப்பா பையன் ரெண்டு சென்டிமீட்டர்ல வெளிய வந்தவன். டிகிரி வேண்டாம், ஆனா படிக்கற எழுதற கணக்கு போடற டெஸ்ட் ஒண்ணு உண்டு. கண்ணு காது மெடிக்கல், போலீஸ் ரெக்கார்டு செக்கிங், எல்லாம் உண்டு. பகல்ல கூப்பிட்டா அனுப்புவோம்னு நீங்க வேலை பாக்கற கம்பெனிக்காரன் எழுதிக் குடுக்கோணும், இதப்பத்தி அப்பறம் பொலம்பறேன்.

ஆனா எல்லாத்துக்கும் மேல ஒரு கண்டிசன் இருக்குது, அஞ்சு நிமிசம். அலர்ட்டர் கத்தி கிட்டத்தட்ட அஞ்சு நிமிசத்துல நீங்க ஸ்டேஷன்ல நிக்கோணும், ஒரொரு ஊர்ல இது கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். அதனால ஊடாவது வேலையாவது ஸ்டேஷனுக்கு பக்கத்துல இருந்தாத்தான் சேத்துக்குவாங்க. மொதல்ல கேட்டப்ப இதென்ன பெரிய விசயமான்னுதான் நெனச்சேன். ஒரு மாசத்துலயே புரிஞ்சுருச்சு, அவங்க காசு குடுக்கறது நெருப்ப அணைக்கறதுக்கு இல்லீங்க, நீங்க எங்கயும் போகாம இருக்கறதுக்கு. கட்டுத்தரையில முளைக்குச்சி அடிச்சு காளைய கட்டுவோம் பாருங்க, கயித்து நீளம் எவ்வளவோ அவ்வளவுதான் அது மேயும், அதே கதைதான். என் கயிறு அஞ்சு நிமிச நீளம். அந்த வட்டத்துக்குள்ள கடைக்கு போலாம், பார்க்குக்கு போலாம், முடி வெட்டிக்கலாம், வெட்டிட்டு இருக்கறப்ப கத்துச்சுன்னா பாதித் தலையோட ஓடலாம், ஒரு தடவை ஓடியிருக்கேன். பக்கத்து டவுன்ல நல்ல தோசை கெடைக்குதுன்னு கேள்விப்பட்டு பதினஞ்சு நிமிச தூரம் போகறதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடியே, எப்பெப்ப வருவோம்னு குறிக்கற போன் ஆப்புல லீவு போடோணும். கூப்பிட்டா வர்ற நேரம்னு குறிச்சு வெச்சா பீரும் தொடக்கூடாது, ஒரு மொடக்கு கூட.

டெஸ்ட்டுக்கு வருவோம். பீப் டெஸ்ட்டுன்னு ஒண்ணு, 20 மீட்டர் இடைவெளில இங்கிட்டும் அங்கிட்டும் ஓடோணும், பீப் சத்தம் போகப் போக வேகமாகும், 8.7 லெவல் வரைக்கும் தாக்குப் புடிக்கோணும். தெனம் பொழுதோட வாய்க்கா மேட்டுல நடக்கறவங்களுக்கு கூட கொஞ்சம் பழகுனா வந்துரும், ஆனா பழகாம போனா நாக்கு தள்ளிரும். அப்பறம் 55 கிலோ பொம்மைய புடிச்சு பின்னாடி நடந்தே 30 மீட்டர் இழுக்கோணும், நெல்லு மூட்டை தூக்குன கைக்கு இது ஒண்ணும் பெருசில்ல. எனக்கு வேர்த்தது எதுலன்னா ரெண்டு எடத்துல. ஒண்ணு, உசரமான ஏணில பாதிக்கு மேல ஏறி காலை ஒரு படிக்கட்டைல சுத்தி பூட்டிக்கிட்டு ரெண்டு கையையும் உட்டுட்டு கீழ இருக்கறவன் என்ன காட்டறான்னு சொல்லோணும். எங்க அப்பாரு தென்னை மரத்துல நின்னுக்கிட்டே பொகையல போடுவாரு, அந்த ரத்தம் எனக்கு வரலீங்க, காலு கெடகெடன்னு நடுங்குச்சு. இன்னொண்ணு, கண்ணு தெரியாத மாஸ்க்க மாட்டி உட்டு சந்து பொந்துல தவழ உடறது. இதுல பயம் இருக்கறவங்க எவ்வளவு பலசாலியா இருந்தாலும் திரும்பி வந்துருவாங்க, என் கூட வந்த ஜிம் பாடி ஒருத்தன் அதுலதான் போயிட்டான்.

இப்ப தாடி. பொகைக்குள்ள போகறப்ப மூஞ்சில மாட்டற மாஸ்க்கோட ரப்பரு தோல்ல ஒட்டி உக்காரோணும், நடுவுல முடி இருந்தா காத்து கசியும், அதனால கன்னம் தாடை எல்லாம் வழவழன்னு மழிச்சிருக்கோணும், ரெண்டு நாள் முள்ளுத்தாடி கூட ஆகாது. மீசை வெச்சுக்கலாம், ரப்பரு படற எடத்துக்கு எறங்கி வராத வரைக்கும். எனக்கு இதுல என்ன வில்லங்கம்னா தைப்பூசத்துக்கு மாலை போடறவன் நான், அங்க போயும் உடல, ஊர்ல இருந்திருந்தா பழனிக்கு நடந்திருப்பேன், அங்க ஊட்டோட வெரதம், தாடி வளத்துறது. மொத வருசம் என்ன பண்றதுன்னு தெரியாம அம்மாவுக்கு போன் போட்டேன். "பழனில போயி மொட்டையே அடிக்கறோம், மழிக்கறதுக்கெல்லாம் அவன் என்னைக்கு சாமி கோவிச்சுக்கிட்டான், நீ மொகத்த மழிச்சுட்டு உசுரோட ஊடு வந்து சேரு"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டாங்க. தாடி எனக்கு உசுருன்னு சொல்றவங்க இத படிச்சதோட வேற வேலை பாருங்க.

ட்ரெய்னிங்குக்கு நான் அஞ்சுக்கு அஞ்சு குடுப்பேன். மொதல்ல ரெண்டு வாரம், ஓஸ் பைப் உருட்டறது, ஏணி, பம்பு, மொதலுதவி. அப்பறம் மாஸ்க் சிலிண்டர் கோர்ஸ் தனியா. இரும்பு கன்டெய்னருக்குள்ள நெஜமாவே கட்டைய எரிய உட்டு உள்ள உக்கார வெப்பாங்க, கூரைல நெருப்பு தண்ணி மாதிரி ஓடும், மண்டைக்கு மேல கைய தூக்குனா சூடு தெரியும், அதனாலதான் எப்பவும் தரையோட தரையா தவழ சொல்றாங்கன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது. சிலிண்டர்ல 300 பார் அழுத்தத்துல காத்து, அரை மணி நேரத்துக்கு சொச்சமா வரும்னு கணக்கு, ஆனா பயந்து மூச்சு வாங்குனா அதுக்குள்ளயே காலி, கொறஞ்சா விசில் அடிக்கும். உள்ள போகறப்ப பேரு எழுதுன ஒரு பட்டைய கழட்டி வெளிய ஒரு போர்டுல மாட்டிட்டுத்தான் போகோணும், யாரு எப்ப போனான், எவ்வளவு காத்து இருக்குது, எப்ப வெளிய வரோணும்னு ஒருத்தன் அதைய மட்டும் பாத்துட்டே நிப்பான். தனியா ஒருத்தன் உள்ள போகவே கூடாது. எல்லாத்தையும் முடிச்சு முழுசா தேறுன ஆளுன்னு கையெழுத்து வாங்க ரெண்டு மூணு வருசம் ஆயிருது, நான் வாங்கி கொஞ்ச நாள்லயே ஊருக்கு வந்துட்டேன், அது வேற வெசனம்.

வாரத்துல ஒரு ராத்திரி ட்ரில், ரெண்டு மூணு மணி நேரம், அதுக்கு காசு உண்டு. அந்த ராத்திரிதான் எனக்கு புடிச்சது. ஒரு ஏப்ரல் மாசம் ட்ரில்ல எங்க ஊர்ல ஏப்ரல் 14 சித்திரைக் கனி, அன்னிக்கேதான் இந்தியா முழுக்க ஃபயர்மேன்களுக்கும் நாளுன்னு சொன்னேன். ஏன்னு கேட்டாங்க. 1944-ல பம்பாய் துறைமுகத்துல பஞ்சு மூட்டையும் வெடிமருந்தும் ஒட்டுக்கா ஏத்திட்டு வந்த கப்பல் தீப்புடிச்சு வெடிச்சு, அணைக்கப் போன 66 பேரு செத்துப் போனாங்க. பஞ்ச பத்தி திருப்பூர் பக்கத்துக்காரனுக்கு சொல்லித் தரவா வேணும், வெளிய அணைஞ்ச மாதிரி இருக்கும், உள்ள கங்கு போயிட்டே இருக்கும். கப்பல் பிரிட்டிஷ் கப்பல்னு சொன்னதும் வயசான ஒருத்தரு தொப்பிய கழட்டிட்டு கொஞ்ச நேரம் பேசாம நின்னாரு. அப்பறம் டீ போட்டுக் குடுத்தாரு. அந்த டீய மட்டும் நான் வாழ்நாள்ல மன்னிக்க மாட்டேன், சுடுதண்ணில பைய முக்கி எடுத்து மேல பச்சைப் பால ஊத்தி ஒரு கலருக்கு வந்ததும் டீன்னு நீட்டறாங்க. அரை மார்க்கு அங்க போச்சு.

காசு விசயம் நேரா சொல்லிடறேன். வருசத்துக்கு இவ்வளவுன்னு ஒரு தொகை, எத்தன மணி நேரம் கயித்துல கெடக்க ஒத்துக்கறீங்களோ அதுக்கு தக்கன. அப்பறம் ஒவ்வொரு தடவை கூப்பிடறப்பவும் ஒரு தொகை, வேலை பாத்த நேரத்துக்கு மணிக் கணக்குல கூலி, ட்ரில்லுக்கு தனி. லீவு, பென்சன் எல்லாம் உண்டு. ஆனா இதைய நம்பி ஊட்டுக் கடன் வாங்காதீங்க. எனக்கு குடோன் சம்பளத்துல மூணுல ஒரு பங்கு கூட தேறல. ஒரு வாரம் நாலு தடவை கத்தும், அப்பறம் ரெண்டு வாரம் ஊமையா கெடக்கும்.

கத்தறதுல பாதிக்கு பாதி வெட்டி. அங்க வர்ற கால்ல நூத்துக்கு நாப்பது சொச்சம் பொய் அலாரந்தான், யாரோ ரொட்டிய கருக்கியிருப்பாங்க, முதியோர் இல்லத்துல சென்சார் கெட்டுப் போயிருக்கும். சனவரி மாசம் ரவைக்கு ரெண்டு மணிக்கு, கார் கண்ணாடில ஐஸ் படிஞ்சு சொரண்டிட்டு, பேண்ட்ட மாட்டிட்டு போறீங்க, சொந்தக் கார்ல சைரன் கெடையாது, ரோட்டுல ஈ காக்கா இல்லாட்டியும் சிகப்பு சிக்னல்ல நின்னுதான் போகோணும், வேகத்த மீறுனா ஃபைன் உங்களுக்குத்தான். அடிச்சு புடிச்சு போயி நிக்கறப்ப வண்டில சீட்டு ரொம்பியிருக்கும், லேட்டா வந்தவன் கொட்டாவி உட்டுட்டு திரும்பி வரோணும், வந்ததுக்கு கொஞ்சம் காசு எழுதுவாங்க. அதே நாலு பேரு சேரலீன்னா வண்டி நகரவே நகராது, அடுத்த ஊர் வண்டி வரும். பகல்ல இதுதான் நெம்ப நடக்குது, எல்லாரும் வெளியூர் வேலைக்கு போயிடறாங்க. நான் குடோன்ல சேர்றப்ப இருந்த சூப்பர்வைசர் தங்கமான ஆளு, அலர்ட்டர் கத்துனா போடான்னு அவரே கதவ தொறந்து உடுவாரு. அடுத்து வந்த மகராசன் எழுத்துல குடுத்ததையே மதிக்கல, ஷிஃப்டு முடிஞ்சு போயிக்கோன்னுட்டான், நெருப்பு என்ன ஷிஃப்டு முடியற வரைக்கும் காத்துட்டு இருக்குமா. அன்னிக்கு மூணு பேரோட வண்டி நின்னுருச்சு, பக்கத்து ஊர் வண்டி வர்றதுக்குள்ள ஒருத்தரோட கார் ஷெட்டு போயிருச்சு. நல்லவேளை உசுரு சேதமில்ல.

உசுரு சேதம் பாக்காத வேலையும் இல்லீங்க இது. பேரு ஃபயர்மேன்னாலும் ரோட்டு ஆக்சிடென்ட் நெறைய வரும், நசுங்குன கார கட்டர் வெச்சு வெட்டி ஆள எடுக்கறது. ஒரு பாட்டிம்மா, நாப்பது நிமிசம் என் கைய புடிச்சுட்டே இருந்துச்சு, நாங்க கதவ வெட்டி முடிக்கற வரைக்கும், என்ற பேத்தி பேரு கேட்டுச்சு, எனக்கு பேத்தி இல்ல மகதான்னு சொன்னேன், சிரிச்சுச்சு. பொழைச்சுக்கிச்சு. பொழைக்காதவங்கள பத்தி எழுத வேண்டாம்னு பாக்கறேன். அந்த மாதிரி நாளுல ஸ்டேஷனுக்கு வந்து எல்லாரையும் உக்கார வெச்சு பேச உடுவாங்க, வேணும்னா கவுன்சிலிங் ஏற்பாடு பண்ணுவாங்க, இது நெசமாவே நல்ல ஏற்பாடு.

இன்னொண்ணு, சேர்றவங்க கட்டாயம் தெரிஞ்சுக்கோணும். 2022-ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, ஃபயர்மேன் வேலையே புற்றுநோய் வரவெக்கற விசயம்னு உறுதியான பட்டியல்ல சேத்திருச்சு. முன்னாடி எல்லாம் கரி புடிச்ச கோட்டுன்னா பெருமை. இப்ப தீ முடிஞ்சதும் கோட்ட கழட்டி பைல கட்டி சலவைக்கு அனுப்போணும், கழுத்து கையெல்லாம் அங்கயே தொடைக்கோணும், ஊட்டுக்குள்ள அந்த வாசத்தோட போகக்கூடாது. என்ற மக ஓடி வந்து கட்டிப்புடிக்க வருவா, தண்ணி வாத்துட்டு வர்றேன் தள்ளு சாமின்னு கத்துவேன்.

ஊட்டுக்காரி கணக்குதான் பெரிய கணக்கு. அவளுக்கு நைட் டியூட்டி, எனக்கு அலர்ட்டர், நடுவுல நாலு வயசுப் புள்ள. ரெண்டு பேரும் போயிட்டா புள்ளைய யாரு பாக்கறது, அங்க அமுச்சி அத்தைன்னு பக்கத்து ஊட்டுலயா இருக்காங்க. அதனால அவ நைட்டு போற நாளெல்லாம் நான் வர முடியாதுன்னு ஆப்புல சிகப்பு போட்டுருவேன். ஆனா பண்டிகை, பொறந்த நாளு, ஊர் கூட்டம்னு எத்தன எடத்துக்கு அவ தனியா போனான்னு எண்ணிப் பாத்தா எனக்கே சங்கட்டமா இருக்குது. கயிறு என் இடுப்புலதான், ஆனா இழுத்தது அவளையும் சேத்து. ஒரு மார்க்கு அங்க.

இத்தனைக்கும் மூணரை ஏன் குடுத்தேன்னா ஒரு ராத்திரிய சொல்லோணும். பண்ணைல வைக்கோல் கொட்டகை எரிஞ்சுது. வைக்கோல் கட்டு நெருப்பு தண்ணி அடிச்சா அணையாது, மேல கருப்பா ஆகும், உள்ள வெந்துட்டே இருக்கும், டிராக்டர உட்டு ஒவ்வொரு கட்டா பிரிச்சு பரப்பி பரப்பி நனைக்கோணும். வெடியால வரைக்கும் நின்னோம். கண்ண மூடுனா அந்த வாசம் அப்படியே நம்ம அரிசி மில்லு உமி எரியற வாசம். கூட நின்ன கறிக்கடைக்காரன், வாத்தியாரு, எல்லாம் அந்தப் பண்ணைக்காரனுக்கு தெரிஞ்ச ஆளுங்க, காசுக்கு வந்தவன் ஒருத்தனும் இல்ல. சீமைல எனக்கு ஊருன்னு ஒண்ணு இருந்துச்சுன்னா அது அந்த ராத்திரிதான்.

ஊருக்கு வந்து ஒரு வருசமாகுது. போன வாரம் சித்தப்பா தோட்டத்துக் கெணத்துல செனையாடு உழுந்துருச்சு. 101-க்கு போன் போட்டோம், டவுன்ல இருந்து வண்டி வந்துச்சு. ஒருத்தரு இடுப்புல கயித்த கட்டிட்டு எறங்குனாரு, ஆட்ட வலைல போட்டு மேல இழுத்தாங்க, ஒரு பைசா வாங்கல, சித்தப்பா எளநி வெட்டிக் குடுத்தாரு. நான் அவரு முடிச்சு போட்டத பாத்துட்டே நின்னேன், சுத்தமான முடிச்சு. இங்க அந்த ஆன்-கால் முறை இல்லீங்க, ஃபயர் சர்வீஸ்னா முழு நேர வேலைதான். பகுதி நேரமா சீருடை போடோணும்னா ஊர்க்காவல் படை இருக்குது, ஆனா அது போலீசுக்கு தொணையா பந்தோபஸ்து, தேர் நோம்பி, டிராஃபிக்னு போகறது. நம்ம பக்கம் தேங்காய்க் களம், நார் மில்லு, தேங்கா நார் தூளு கொட்டி வெக்கற பித்துக் குவியல்னு எங்க தீப்புடிச்சாலும் மொதல்ல வந்து நிக்கறது பக்கத்துத் தோட்டத்துக்காரனும் அவன் டிராக்டர் டேங்கருந்தான், யாரும் அலர்ட்டரு குடுக்கல, ரிங்கு வந்தா போறாங்க. அவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு, பித்துக் குவியல் மேல ஏறி நின்னு தண்ணி அடிக்காதீங்க, உள்ள வெந்து குழியா இருக்கும், காலு உள்ள போயிரும். ஓரத்துல இருந்து பிரிங்க.

இங்கிலாந்துல இருக்கற நம்மாளுங்க சேரோணும்னா ஃபாரம் நிரப்பறதுக்கு முன்னாடி ஒரு ட்ரில் ராத்திரி ஸ்டேஷனுக்கு போயி கதவ தட்டுங்க, உள்ள கூப்பிட்டு எல்லாத்தையும் காட்டுவாங்க. ஊட்டுக்காரம்மாவையும் கூட்டிட்டு போங்க, கேள்வி அவங்க கேக்கட்டும்.

ஆட்ட எடுத்த அன்னிக்கு சித்தப்பா பேரன் எம்பட கிட்ட வந்து, ஏனுங் மாமா நானும் ஃபயர்மேன் ஆகோணும்னான். கதவு நெலவுல நிக்க வெச்சு அளந்தேன், 171 இருக்கான், தப்பிச்சான். 1500 மீட்டர் ஏழு நிமிசத்துல ஓடோணும்டான்னேன். இப்ப வெடியால இட்டேரில ஓடிட்டு இருக்கான், எட்டு நிமிசம் வருது.